சமைக்காத உணவும் ஆன்மீகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது மதியச் சமையலுக்கு மட்டும்தான். காலையில் பழம், இரவில் தேங்காய், பயறு, காய்கறி. பல வருடப் பழக்கம். இதைப் பார்ப்பவர்கள் இரண்டு விதமாகக் கேட்பார்கள். ஒன்று, "உடம்புக்கு இது நல்லதா?" இன்னொன்று, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "தியானத்துக்கு உதவுமாமே?" இரண்டு வகைக் கேள்விகளுக்கும் எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. தொடர்ந்து மாத்திரை சாப்பிடுபவர்கள் உங்கள் டாக்டரிடம் பேசிவிட்டு மாறுங்கள்.

சமைக்காத உணவு என்றால் எதெல்லாம்?

பழம், பச்சைக் காய்கறி, கீரை, தேங்காய், ஊறவைத்த கொட்டைகள், முளைகட்டிய பயறு, தேன். வெளிநாட்டுக்காரர்கள் இதற்கு ஒரு வெப்ப எல்லை வைத்திருக்கிறார்கள். 42 டிகிரி என்பார் ஒருவர், 48 என்பார் இன்னொருவர். வேலூரில் அக்னி நட்சத்திரத்தின்போது வெயிலில் வைத்த வாழைப்பழம் அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் விழும் என்று தெரியவில்லை.

நம் ஊர் 'அடுப்பில்லாச் சமையல்' தட்டைக் கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். அவல் பச்சையல்ல. நெல்லை ஊறவைத்து, சூடாக வறுத்து, இடித்துத்தான் அவலாக்குகிறார்கள். வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் மணிக்கணக்கில் கொப்பரையில் கொதித்தவை. கடையில் 'பச்சை முந்திரி' என்று விற்பதும் அப்படித்தான். முந்திரிக்கொட்டையின் ஓட்டில் தோலைப் பொசுக்கும் எண்ணெய் இருப்பதால், வறுத்தோ ஆவியில் வேகவைத்தோதான் உடைப்பார்கள். பண்ருட்டிக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆக, நூறு சதவீதம் பச்சை என்பவரின் தட்டில்கூட எங்கேயோ ஒரு அடுப்பு ஒளிந்திருக்கும். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அவலும் தேங்காய்ப்பூவும் போதும் என்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

இது யார் ஆரம்பித்தது? நம் முன்னோர் வழக்கமா, வெளிநாட்டு மோகமா?

இரண்டும் கலந்தது. இன்று நாம் கேள்விப்படும் வாதங்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. 1900 வாக்கில் சூரிச் நகரில் பிர்ச்சர்-பென்னர் என்ற டாக்டர் நோயாளிகளுக்குத் துருவிய ஆப்பிளும் ஊறவைத்த ஓட்ஸும் கொடுத்தார். இன்று டப்பாவில் விற்கிற மியூஸ்லி அங்கே பிறந்ததுதான். பிறகு பாஸ்டனில் ஆன் விக்மோர் கோதுமைப்புல் சாற்றைப் பிரபலமாக்கினார். நம் ஊர்ப் பூங்கா வாசல்களில் காலையில் விற்கிற அந்தப் பச்சைச் சாற்றுக்கு மூலம் அவர்தான்.

இந்தியாவில் இதை உடலில் சோதித்துப் பார்த்தவர்களில் மிகப் பெரிய பெயர் காந்தி. இரண்டு முறை முயன்றார். முதல் முறை 1893-ல், தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில், வக்கீலாக இருந்த இளம் வயதில். சில நாட்களிலேயே கைவிட்டார். என்ன சாப்பிட்டேன், எப்படி இருந்தது என்று குறிப்பு எழுதி, லண்டன் சைவ உணவுக்காரர்களின் பத்திரிகைக்கு அனுப்பியும் வைத்தார். இரண்டாவது முறை 1929-ல், சபர்மதி ஆசிரமத்தில். ராஜமுந்திரியைச் சேர்ந்த ஓர் அன்பர் சொல்லக் கேட்டு, ஆசிரமத்துக்காரர்கள் பலரையும் சேர்த்துக்கொண்டு தொடங்கினார். முளைவிட்ட கோதுமை, கடலை, தேங்காய், திராட்சை, கீரை, எலுமிச்சை, தேன். 'வேகாத உணவு' பற்றித் தன் யங் இந்தியா பத்திரிகையில் உற்சாகமாக எழுதினார். அந்த ஆகஸ்டிலேயே வயிற்றுக் கடுப்பு வந்து, மறுபடி ஆட்டுப்பாலுக்குப் போனார்.

காந்தியைச் சொல்லி இந்த உணவைப் பரப்புகிறவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாம் பாதி. உடம்பு வேண்டாம் என்றதும் கொள்கை பேசாமல் நிறுத்தினார், நிறுத்தியதை மறைக்கவும் இல்லை.

தமிழ்நாட்டில் இயற்கை உணவு என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துச் சிவசைலம். அங்குள்ள நல்வாழ்வு ஆசிரமத்தில் தேங்காயும் பழமும் சாப்பிட்டுவிட்டு வந்த பெரியவர் ஒருவராவது உங்கள் தெருவிலும் இருப்பார்.

உடம்புக்கு நிஜமாகவே என்ன நன்மை?

முதலில் மலச்சிக்கல் போகும். இது சின்ன விஷயமாகத் தெரிந்தால் உங்களுக்கு மலச்சிக்கல் வந்ததில்லை என்று அர்த்தம்.

உப்பு குறையும். ஊறுகாய், அப்பளம், பொரியல், குழம்பு எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது. கொய்யாப்பழத்தில் யாரும் போட்டு வைக்கவில்லை. உப்பு குறைந்து, காய்கனி வழியாகப் பொட்டாசியம் கூடினால் இரத்த அழுத்தம் இறங்க உதவும். பொரித்த எண்ணெயும் மைதாவும் போய்விடுவதால் கெட்ட கொழுப்பும் பலருக்குக் குறைகிறது. வைட்டமின் சி வெந்நீரில் கரைந்தும் சூட்டில் அழிந்தும் போகும் சத்து என்பதால், நெல்லிக்காயை ஊறுகாயாகத் தின்பதைவிடப் பச்சையாகக் கடிப்பது மேல்.

எடை குறைவதற்குப் பின்னால் மாயம் எதுவும் இல்லை. ஒரு கிலோ வெள்ளரிக்காயில் 150 கலோரிதான். அதைத் தின்று முடிக்கும்முன் தாடை வலித்துவிடும். அதே 150 கலோரி ஒரே ஒரு மெதுவடையில் வந்துவிடும். மெல்ல நேரமாகிறது, வயிறு நிரம்புகிறது, கலோரி சேரவில்லை. அவ்வளவுதான்.

சமைத்தால் என்சைம் எல்லாம் செத்துவிடும், அது செத்த உணவு என்கிறார்களே?

இந்த உணவைப் பற்றிப் பேசப்படுவதில் மிகப் பலவீனமான வாதம் இது. என்சைம் என்பது உயிரினங்களில் வேதிமாற்றங்களைச் செய்துவைக்கும் புரதம். செடியில் இருக்கும் என்சைம் செடியின் வேலைக்காக இருப்பது. பழத்தைப் பழுக்க வைக்கவும் விதையை முளைக்க வைக்கவும்தான் அது. நம் இரைப்பை அமிலத்தில் விழுந்ததும் அதில் பெரும்பகுதி மற்றப் புரதம்போலச் சிதைந்துவிடும். நமக்குச் செரிக்க வேண்டிய என்சைமை நம் கணையமும் குடலும் தயாரித்துக்கொள்கின்றன.

ஆனாலும் ஒரு விதிவிலக்கு உண்டு. முள்ளங்கி, முட்டைக்கோஸ், கடுகுக்கீரை வகைகளை நறுக்கும்போது ஒரு என்சைம் வெளிப்பட்டு, அந்தக் காரமான, மூக்கில் ஏறும் பொருளை உண்டாக்குகிறது. உடம்புக்கு நல்லது என்று ஆராயப்படும் பொருள் அது. நறுக்கியதும் சட்டியில் போட்டால் அந்த என்சைம் வேலை செய்ய முடியாது. நறுக்கிக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டுச் சமைத்தால் ஓரளவு கிடைத்துவிடும்.

சமைப்பதால் கூடும் சத்துகளும் இருக்கின்றன. தக்காளியின் சிவப்புச் சத்தான லைகோபீன், எண்ணெயில் வதக்கிய தக்காளியிலிருந்துதான் உடம்பில் நன்றாக ஏறும். கேரட்டின் பீட்டா கரோட்டினும் அப்படியே. பச்சைக் கேரட் கடிப்பவர்கள் கூடவே ஒரு துண்டு தேங்காயையும் கடித்தால் கொழுப்போடு சேர்ந்து ஓரளவு உறிஞ்சப்படும். கேரட்டையும் தேங்காயையும் சேர்த்துத் துருவும் நம் வழக்கம் நல்ல வழக்கம்.

அப்படியானால் முழுக்க முழுக்க பச்சையாகவே வாழ முடியாதா?

சில மாதம் முடியும். வருடக்கணக்கில் என்றால் பெரும்பாலோருக்கு எங்கேயாவது இடிக்கும்.

ஜெர்மனியில் கீசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நீண்ட நாளாகப் பச்சை உணவில் இருந்த 500-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றி 1999-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சராசரியாக மூன்றரை வருடத்துக்கு மேல் அந்த உணவில் இருந்தவர்கள் அவர்கள். ஆண்கள் ஏறக்குறைய 10 கிலோவும், பெண்கள் 12 கிலோவும் இளைத்திருந்தார்கள். பெண்களில் கால்வாசிப் பேர் இருக்க வேண்டிய எடைக்கும் கீழே. 45 வயதுக்கு உட்பட்ட பெண்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு மாதவிடாய் பாதியாகவோ முழுதாகவோ நின்றிருந்தது. தட்டில் பச்சை உணவின் பங்கு கூடக்கூட இதுவும் கூடியது.

மாதவிடாய் நிற்பதை 'உடம்பு சுத்தமாகிவிட்டதற்கு அடையாளம்' என்று போதிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். குழந்தையைத் தாங்கும் அளவுக்குச் சாப்பாடு வரவில்லை என்று உடம்பு கடையைச் சாத்துகிறது. அப்படி நின்றால் எலும்பும் சேர்ந்து தேயும். என் கருத்தில், இந்த ஒரு பொய்க்காகவே சில பயிற்சி முகாம்களுக்குப் பூட்டுப் போடலாம்.

பி12 பற்றி ஏன் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்?

பயப்பட வேண்டியது என்பதால். வைட்டமின் பி12 செடிகளில் இல்லை. அதை உண்டாக்குவது பாக்டீரியா. பாலும் மோரும் சாப்பிடும் சைவர்களுக்கே நம் நாட்டில் பரவலாகக் குறைவாக இருக்கிறது. பாலையும் விட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். ஈரலில் பழைய இருப்பு இருப்பதால் சில வருடங்கள் ஒன்றும் தெரியாது. "எனக்கு ஒரு வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்று சொல்பவர் அந்தச் சேமிப்பில்தான் ஓடிக்கொண்டிருக்கிறார்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பி12 குறைந்தால் இரத்தச் சோகை வரும், இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் என்று நினைப்போம். ஆனால் பச்சைக் கீரையும் பயறும் நிறையச் சாப்பிடுபவருக்கு ஃபோலேட் என்ற இன்னொரு வைட்டமின் எக்கச்சக்கமாகச் சேரும். அது இரத்தச் சோகையை மறைத்துவிடும். ஹீமோகுளோபின் நன்றாகக் காட்டும், நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். பாதத்தில் ஊசி குத்துவதுபோல், செருப்புக் கழன்றதுகூடத் தெரியாத மரத்தல், நடையில் தள்ளாட்டம், மறதி, காரணமில்லாத சோர்வு, நாக்கு வழவழவென்று சிவந்து எரிவது. இதை 'கழிவு வெளியேறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிக் காத்திருக்கச் செய்வது ஆபத்து. நரம்புச் சேதம் முற்றிவிட்டால் முழுதாகத் திரும்பாது.

ஸ்பைருலினா என்ற பாசித் தூள், மண்ணோடு பிடுங்கிய கேரட், புளித்த மாவு எதுவும் இதற்கு ஈடாகாது. ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். பால் தொடாதவர் தினம் 10 மைக்ரோகிராமாவது, அல்லது வாரம் ஒருமுறை 2,000 மைக்ரோகிராம் மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். மாத்திரை 'இயற்கை' இல்லையே என்று தயங்குபவர்கள், வாரம் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு விழுங்குங்கள்.

எதைப் பச்சையாகச் சாப்பிடவே கூடாது?

மரவள்ளிக்கிழங்கு. அதில் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. மொச்சையிலும் அந்த ஆபத்து உண்டு. ராஜ்மா முளைகட்டினாலும் பச்சையாக வேண்டாம், சில விதைகளே கடும் வாந்திக்குப் போதும். சேனை, கருணை, சேம்பு நாக்கைச் சும்மா விடாது என்பது சமையல்காரர் எல்லோருக்கும் தெரியும். பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கும் கூடாது.

சுரைக்காய்ச் சாறு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் அடிப்பது சாதாரணமாகிவிட்டது. சுரைக்காயில் சில நேரம் குக்கர்பிட்டாசின் என்ற கசப்பு நஞ்சு கூடிவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. அதைக் குடித்துக் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, இரத்த வாந்தி, இரத்த அழுத்தச் சரிவு என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. 2010-ல் டெல்லியில் ஓர் உயிரும் போனது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழு சொன்னது இதுதான்: கசந்தால் குடிக்காதே. ஒரு சிறு துண்டை வெட்டி நாக்கில் வைத்துப் பாருங்கள். லேசாகக் கசந்தாலும் மொத்தக் காயையும் குப்பையில் போடுங்கள். "கசப்பு மருந்துதானே" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பதுதான் இங்கே எமன்.

முளைகட்டிய பயறு?

நல்லது, ஆனால் பச்சையாகச் சாப்பிடுபவர்கள் அலட்சியமாக இருக்கக் கூடாது. விதை முளைப்பதற்கு வேண்டிய ஈரமும் வெதுவெதுப்பும் கிருமி பெருகவும் வசதி. 2011-ல் ஜெர்மனியில் ஈ.கோலை என்ற பாக்டீரியாத் தொற்று பரவி ஏறக்குறைய 4,000 பேர் நோய்வாய்ப்பட்டார்கள், 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தேடிப் பிடித்தபோது கடைசியில் அகப்பட்டது முளைகட்டிய வெந்தயம்.

வீட்டில் செய்யும் முறை இது. பச்சைப்பயறை நாலைந்து தண்ணீரில் அலசி, காய்ச்சி ஆறிய நீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் நீரை வடித்து, மறுபடி அலசி, துவைத்துக் காயவைத்த துணியில் கட்டுங்கள். நம் ஊர் வெயிலில் மாலைக்குள் வெள்ளை மூக்கு எட்டிப்பார்க்கும். அந்த நிலையிலேயே சாப்பிடுங்கள். நீளமாக வால் விட்டுப் பிசுபிசுத்து, துணியைத் திறந்ததும் ஒரு வாடை வந்தால் மாட்டுக்குக்கூடப் போட வேண்டாம். வயதானவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆவியில் ஐந்து நிமிடம் வைத்துச் சாப்பிடட்டும். பச்சை என்ற பட்டம் போகும், போகட்டும்.

கீரையும் கொத்தமல்லியும் இதே கதைதான். எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று நமக்குத் தெரியாது. நாடாப்புழு முட்டை ஒட்டிய கீரையைப் பச்சையாகத் தின்றால், அது மூளை வரை போய் வலிப்பு உண்டாக்கக் கூடும். உப்புத் தண்ணீரில் முக்கி எடுத்தால் போதாது. ஓடும் நீரில் இலை இலையாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். நான் பச்சையாகச் சாப்பிடும் கீரை, தொட்டியில் வளர்த்தது மட்டும்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. மாறலாமா?

மாறலாம், ஆனால் மருந்தை அப்படியே வைத்துக்கொண்டு சோற்றை மட்டும் நிறுத்திவிட்டுப் பழத்துக்குத் தாவாதீர்கள். இன்சுலினோ, சில வகை மாத்திரைகளோ எடுப்பவருக்குத் திடீரென்று சாப்பாடு குறைந்தால் சர்க்கரை மயக்கம் போடும் அளவுக்கு இறங்கும். மருந்தைக் குறைப்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். மேலே சொன்ன ஆன் விக்மோர், தன் முறையைப் பின்பற்றினால் இன்சுலினைக் குறைக்கலாம், விடலாம் என்ற அளவுக்குப் போனார். மாசசூசெட்ஸ் மாநில அரசு 1982-ல் வழக்குப் போட்டது, அவரும் அந்தப் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நம் ஊரில் அதே பேச்சு இன்னும் நடக்கிறது.

சிறுநீரகக் கோளாறு இருந்தால்?

வேண்டாம். பொட்டாசியம் தங்கி இதயத்தைப் பாதிக்கும். இளநீர்கூடக் கணக்குப் பார்த்துத்தான். விளிம்பிப்பழம், நட்சத்திரப்பழம் பக்கமே போக வேண்டாம்.

குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்?

முழு உணவாகக் கொடுக்கக் கூடாது. வளரும் உடம்புக்குச் சின்ன வயிற்றில் நிறையச் சத்து போக வேண்டும், பச்சை உணவில் அளவு பெரிது, சத்து சிறிது. சாப்பாட்டோடு கூடப் பழம் நிறையக் கொடுங்கள்.

சரி, ஆன்மீகத்துக்கு வருவோம். ரிஷிகள் காய், கனி, கிழங்கு தின்றுதானே தவம் செய்தார்கள்?

காட்டில் இருந்தார்கள், கிடைத்ததைத் தின்றார்கள். சமைக்காததால் தவம் கூடியது என்பதைவிட, சமையல், சேமிப்பு, குடும்பம் என்ற மொத்தச் சுமையையும் இறக்கி வைத்தார்கள் என்பதே அதில் முக்கியம். அபார்ட்மெண்டில் உட்கார்ந்து, ஆன்லைனில் அவக்காடோவும் சியா விதையும் ஆர்டர் போடுவது அந்த வகையில் சேராது.

சாத்விக உணவு என்றாலே பச்சை உணவு என்று பலர் நினைக்கிறார்கள். கீதையின் பதினேழாம் அத்தியாயம் சாத்விக உணவுக்குச் சொல்லும் அடையாளங்கள் சாறுள்ளது, நெய்ப்புள்ளது, உடம்பில் நிலைப்பது, மனதுக்கு இனியது. வேகாதது என்று அங்கே இல்லை. தாமச உணவு என்பதில்தான் ஒரு யாமம் கடந்தது, பழையது என்று வருகிறது. பழைய சோற்றுப் பிரியர்கள் (நானும்தான்) அந்தச் சுலோகத்தை மெதுவாகத் தாண்டிவிடலாம்.

நம் மண்ணிலேயே பார்ப்போம். ரமண மகரிஷி, எல்லா நியமங்களிலும் சிறந்தது மிதமான சாத்விக உணவு என்று 'நான் யார்' நூலில் சொல்கிறார். அதனால் மனதின் சத்துவ குணம் வளர்ந்து ஆத்ம விசாரத்துக்கு உதவும் என்கிறார். மிதம் என்ற சொல்லுக்கு அங்கே எவ்வளவு எடை இருக்கிறது பாருங்கள். அதே மகரிஷி திருவண்ணாமலை ஆசிரமத்தில் விடியும் முன்பே அடுக்களைக்குப் போய்க் காய் நறுக்கினார், சட்னி அரைத்தார், சாம்பாரைக் கிண்டினார்.

வள்ளலார் இன்னும் ஒரு படி மேலே. ஜீவகாருண்யம்தான் மோட்ச வீட்டின் திறவுகோல் என்றவர், 1867-ல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசித்து வந்தவருக்கு அங்கே விழுவது சூடான சோறு. அடுப்பு எரிவது ஆன்மீகத்துக்கு இடைஞ்சல் என்று யாராவது சொன்னால் எனக்கு வடலூர்தான் ஞாபகம் வரும்.

ஆனால் உயிருள்ள உணவு சாப்பிட்டால் உயிர்ச்சக்தி கூடும் என்பது எல்லா மரபிலும் இருக்கிறதே?

இல்லை. சமண மரபைப் பாருங்கள். அகிம்சையில் அவர்களைவிடக் கறாரானவர்கள் யாரும் கிடையாது. அங்கே துறவிகள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை, கொதிக்கவைத்ததைத்தான் குடிப்பார்கள். கிழங்கு கூடாது. முளைவிட்ட பயறு கூடாது, அதில் கணக்கற்ற உயிர்கள் இருக்கின்றன என்பார்கள். அதாவது எதை நாம் 'உயிருள்ள உணவு' என்று கொண்டாடி முளைகட்டிச் சாப்பிடுகிறோமோ, உயிர் இருக்கிறது என்பதாலேயே அவர்கள் அதைத் தள்ளி வைக்கிறார்கள். மேல்சித்தாமூர் பக்கம் தமிழ்ச் சமணர் வீடுகளில் சாப்பாட்டு நியமம் கேட்டுப் பாருங்கள், பாதி 'இயற்கை உணவு' சித்தாந்தம் தலைகீழாகிவிடும்.

சித்த, ஆயுர்வேத மருத்துவமும் செரிக்கும் தீயைத்தான் பெரிதாகப் பேசும். அந்தத் தீ மந்தமானவருக்குப் பச்சைக் காய் பாரம் என்பார்கள்.

அப்படியானால் நீங்கள் ஏன் இரண்டு வேளை பச்சையாகச் சாப்பிடுகிறீர்கள்? ஒன்றும் இல்லையென்றா சொல்கிறீர்கள்?

இருக்கிறது. இரவு ஏழு மணிக்கு ஒரு தட்டுக் காயும் தேங்காயும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் வயிறு தூக்கத்தைக் கெடுப்பதில்லை. நாலரைக்கு எழுந்து உட்கார முடிகிறது. பரோட்டாவும் சால்னாவும் பத்தரை மணிக்குச் சாப்பிட்டவருக்கு அந்த நேரத்தில் தியானம் அல்ல, ஏப்பம்தான் வரும்.

இன்னொன்று நாக்கு. உப்பும் புளியும் மிளகாயும் இல்லாத வெள்ளரிப் பிஞ்சை முதல் வாரம் கடிக்கும்போது வைக்கோல்போல இருக்கும். கொஞ்ச நாள் போனால், காம்புப் பக்கத்துக்கும் நுனிப் பக்கத்துக்கும் ருசி வேறு என்று தெரிய ஆரம்பிக்கும். மென்றுதான் ஆக வேண்டும், அவசரமாக விழுங்க முடியாது. போனைப் பார்த்துக்கொண்டே தின்றால் தொண்டையில் அடைக்கும். சாப்பிடுகிறோம் என்ற நினைப்போடு சாப்பிட இது கட்டாயப்படுத்துகிறது. எனக்குக் கிடைத்த ஆன்மீகம் இந்த அளவுதான். அது அடக்கத்திலிருந்தும் கவனத்திலிருந்தும் வருகிறது. மிதமாகச் சமைத்துச் சாப்பிட்டு அதே இடத்துக்குப் போனவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

சில நாள் இருந்தபோது மனசு ஆகாயத்தில் மிதப்பதுபோல் இருந்தது. இது முன்னேற்றமா?

முதலில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள். சாப்பாடு குறைந்த ஆரம்ப நாட்களில் ஒரு லேசான கிறக்கம் வரும். பசியில் இருப்பவருக்கு உற்சாகம்கூட வரலாம். எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால் அது சமாதி நிலை அல்ல.

இன்னொரு சோதனையும் உண்டு. பக்கத்து இலையில் பொங்கல் சாப்பிடுபவரைப் பார்த்து உங்களுக்குள் ஓர் இளக்காரம் எழுகிறதா? எழுந்தால் வளர்ந்தது அகங்காரம். சுத்தமான உணவின் மேல் வெறி பிடித்து, யாரோடும் உட்கார்ந்து சாப்பிட முடியாமல் போவதற்கு 'ஆர்த்தொரெக்ஸியா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1997-ல் அந்தப் பெயரை வைத்த அமெரிக்க மருத்துவர் ஸ்டீவன் பிராட்மன், இப்படிப்பட்ட உணவுக் கொள்கைகளுக்கு நடுவே, பலர் கூடி வாழும் ஒரு கம்யூனில் வாழ்ந்தவர்தான்.

எப்படித் தொடங்குவது?

ஒரு வேளையில் தொடங்குங்கள். இரவு வேளை நல்லது. பசியோடு எழுந்துவிடும் அளவுக்குக் குறைத்துவிடாதீர்கள். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்: ஒரு கிண்ணம் வெள்ளரி, தக்காளி சாப்பிட்டுவிட்டு, ஒன்பதரைக்கு மிக்சர் டப்பாவைத் திறப்பார்கள்.

என் தட்டில் இருப்பது இது: அரை மூடித் தேங்காய் துருவியது, ஒரு கைப்பிடி ஊறவைத்த நிலக்கடலை, இரண்டு வாழைப்பழம், ஒரு பெரிய கொய்யா, மூன்று பேரீச்சை. 700 கலோரிக்கு மேலேயே வந்துவிடும். நிலக்கடலையை மாலையிலேயே ஊறவைத்து, சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை வாடை வருவது எல்லாவற்றையும் பொறுக்கி எறிய வேண்டும். கெட்ட கடலையில் அஃப்ளடாக்ஸின் என்ற பூஞ்சை நஞ்சு இருக்கக்கூடும், ஊறவைத்தால் போகாது. காய் வேண்டும் என்றால் வெள்ளரி, கேரட், முள்ளங்கி, பிஞ்சு வெண்டைக்காய். வெண்டைப் பிஞ்சின் நுனியை ஒடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும். வளைந்தால் குழம்புக்கு.

வாயு பிடிக்கிறதே?

பிடிக்கும். நார்ச்சத்து திடீரென்று கூடினால் குடலுக்குப் பழக நாளாகும். முளைப்பயறையும் முட்டைக்கோஸையும் குறைத்து, பழத்தைக் கூட்டிப் பாருங்கள்.

செலவு எகிறுமா?

டிராகன் ஃப்ரூட், பாதாம், ப்ளூபெர்ரி என்று போனால் எகிறும். கொய்யா, வாழை, பப்பாளி, நிலக்கடலை, தேங்காய் என்று இருந்தால், கேஸில் மிச்சமாவது இங்கே போகும், அவ்வளவுதான்.

கல்யாண வீடு, கோயில் பிரசாதம்? அதெல்லாம் வெந்ததுதானே?

கல்யாண வீட்டில் பந்தியில் உட்காருங்கள், அளவாகச் சாப்பிடுங்கள். இலையின் முன்னால் உட்கார்ந்துகொண்டு "எனக்கு ஒரு வாழைப்பழம் மட்டும்" என்று சொல்லி அந்த வீட்டு அத்தையைக் கலங்க வைப்பதில் எந்தப் புண்ணியமும் இல்லை.

பிரசாதத்தைத் தட்டாதீர்கள். ரொம்பவும் விரதமாக இருப்பவர்கள் பழனிக்குப் போகலாம். அங்கே பஞ்சாமிர்தம் வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, தேன், ஏலம், நெய் எல்லாம் சேர்த்துப் பிசைந்தது. அடுப்பில் ஏற்றுவதில்லை, ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்ப்பதில்லை. 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. நெய்யும் சர்க்கரையும் அடுப்பேறியவையாயிற்றே என்று கேட்பவர்களுக்கு, அவல் பற்றிய முதல் பதிலே இதற்கும் பதில்.